செயலாளர் என்றால் யார், அக்கா?

பசிபிக் கடலில் இருக்கிற நவுரு என்ற தீவு நாட்டில் நான் வேலை பார்த்தது மொத்தமே சில மாதங்கள்தான், அதுவும் 2015-லும் 2016-லும் துண்டு துண்டாக. தமிழ் வாய்மொழிபெயர்ப்பாளர் வேலை. ஆஸ்திரேலியாவில் ஒரு ஏஜென்சி வழியாகப் போனேன், சில வாரம் அங்கே, சில வாரம் வீட்டில். ஒரு நாட்டின் நீதித் துறையை அவ்வளவு பக்கத்தில் நின்று நான் வேறெங்கும் பார்த்ததில்லை, ஏனென்றால் நாடே 21 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் 10,000 சொச்சம் பேர். தீவைச் சுற்றும் சாலையை அரை மணி நேரத்தில் காரில் சுற்றி வந்துவிடலாம். யாரன் பகுதியில் நாடாளுமன்றமும் அரசு அலுவலகங்களும் விமான ஓடுபாதையை ஒட்டியே இருக்கின்றன, விமானம் இறங்கும்போது சாலையில் வண்டிகளை நிறுத்தி வைப்பார்கள்.

அங்கே தமிழுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 2014 ஜூனில் ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் தேடிப் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகில் 157 தமிழர்கள் இருந்தார்கள், ஐம்பது குழந்தைகள் உட்பட. ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பலில் ஒரு மாதம் போலக் கடலிலேயே வைத்திருந்து, கடைசியில் ஆகஸ்டில் நவுருவில் ஆஸ்திரேலியா வைத்திருந்த அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு முன்பும் தமிழர்கள் அங்கே இருந்தார்கள். யாருடைய கதையையும் இங்கே நான் எழுதப் போவதில்லை. அறைக்குள் கேட்டது அறையோடு போக வேண்டும், சத்தியம் செய்து ஏற்ற வேலை அது. சொற்களைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

நவுரு 2011-ல் அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்தது, 2012-ல் அதற்கொரு சட்டம் போட்டது. அந்தச் சட்டப்படி ஒருவர் அகதியா இல்லையா என்று முடிவு செய்பவர் நீதி, எல்லைக் கட்டுப்பாட்டுத் துறையின் செயலாளர். நானும் 'செயலாளர்' என்றே மொழிபெயர்த்தேன். இலங்கையில் வளர்ந்த எனக்கு அமைச்சின் செயலாளர் என்றால் யார் என்பதில் சந்தேகமே வராது. ஆனால் தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்த ஒரு பையன் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான், "செயலாளர்னா கட்சிக்காரரா அக்கா?" அவன் அதுவரை கேட்டதெல்லாம் கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர். என் சொல் அவனை ஒரு நொடி பயமுறுத்திவிட்டது. அன்றிலிருந்து 'துறையின் தலைமை அதிகாரி' என்று விரித்துச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்கு அடுத்த கேள்வி தயாராக இருந்தது, இன்னொருவரிடமிருந்து, யாழ்ப்பாணத் தமிழில்: "அப்ப அமைச்சர் மாறினா எங்கட கேசும் மாறுமோ?"

கருத்துச் சொல்வது என் வேலையில்லை, கேள்வியை ஆங்கிலத்தில் அதிகாரியிடம் வைத்தேன், அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு அறைக்கு வந்துவிட்டது. அங்கே இரவில் செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை, படிக்க ஆரம்பித்தேன்.

துறையின் பெயரிலேயே விஷயம் இருந்தது. நீதியும் எல்லைக் கட்டுப்பாடும் ஒரே துறை, ஒரே அமைச்சர். சின்ன நாட்டில் இது இயல்புதான், இருக்கிற சில அமைச்சர்கள் எல்லாத் துறைகளையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நவுருவின் நீதிபதிகளும் பெரும்பாலும் வெளிநாட்டினர், ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஃபிஜியிலிருந்தோ வருகிறவர்கள். அதாவது தீர்ப்புச் சொல்கிறவருக்கும் உள்ளே வர விசா வேண்டும். 2014 ஜனவரியில் இது வெட்டவெளிச்சமானது. மாஜிஸ்திரேட் பீட்டர் லா, அரசு வெளியேற்ற நினைத்த இரண்டு தொழில்காரர்களை உடனே அனுப்பக் கூடாது என்று தடை போட்டார். அரசு அவரைப் பதவி நீக்கி நாட்டை விட்டே அனுப்பியது. அதைத் தடுக்கப் பார்த்த தலைமை நீதிபதி ஜெஃப்ரி ஈம்ஸ் அப்போது மெல்பர்னில் இருந்தார், அவருடைய விசா ரத்தானது. மார்ச்சில் அவர் ராஜினாமா செய்தார். அன்றைய நீதி அமைச்சர் டேவிட் அடியாங். அதே ஆண்டு ஃபிஜியிலிருந்து ஜோனி மட்ராய்விவி தலைமை நீதிபதியாக வந்தார்.

நீதித் துறையின் தலைமையில் இருந்தவர்கள் எங்கெங்கே போனார்கள் என்று பாருங்கள், எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. துறையின் செயலாளராக இருந்த வழக்கறிஞர் லயோனல் ஐங்கிமியா 2016-ல் நாடாளுமன்றம் போனார், 2019-ல் நாட்டின் ஜனாதிபதியே ஆனார். அவருக்குப் பிறகு செயலாளராக இருந்த ஃபிஜிக்காரர் கிரஹாம் லியங் 2024-ல் ஃபிஜியின் அட்டர்னி ஜெனரல். அடியாங் 2023 அக்டோபரில் ஜனாதிபதி. இன்னொரு முன்னாள் நீதி அமைச்சர் மேத்யூ பட்சியுவா போன பாதை வேறு: 2015 ஜூனில் நாடாளுமன்றத்துக்கு வெளியே நடந்த போராட்டத்துக்காக வழக்குப் போடப்பட்ட 19 பேரில் அவரும் ஒருவர். ஒரு காலத்தில் தானே தலைமை தாங்கிய துறையின் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். 2018 செப்டம்பரில் நீதிபதி ஜெஃப்ரி மியூக்கி, இவர்களுக்கு நியாயமான விசாரணை கிடைக்காது என்று வழக்கையே நிரந்தரமாக நிறுத்தினார். 2019-ல் மேன்முறையீட்டில் அது ரத்தாகி, வேறு நீதிபதி முன் வழக்கு நடந்து, டிசம்பரில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 10,000 பேர் இருக்கிற இடத்தில் அமைச்சர், எதிர்க்கட்சிக்காரர், குற்றஞ்சாட்டப்பட்டவர் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவாகவோ பள்ளித் தோழராகவோதான் இருப்பார்கள். அங்கே சட்டம் விலகி நிற்பது பெரிய நாட்டில் நிற்பதை விட எத்தனையோ மடங்கு கஷ்டம் என்பது போய்ப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதனால்தான் அந்த விசா விஷயம் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1899-ம் ஆண்டு குயின்ஸ்லாந்துக் குற்றச் சட்டத்தையே வைத்துக்கொண்டிருந்த நாடு 2016-ல் சொந்தமாக ஒரு குற்றச் சட்டம் எழுதியது. மரண தண்டனை போனது, ஒருபால் உறவு குற்றம் என்பது போனது, தற்கொலை முயற்சி குற்றம் என்பதும் போனது. கடைசியாகச் சொன்னது நவுரு முகாமில் இருந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இதையும் அதே துறைதான், அதே அமைச்சரின் காலத்தில்தான் செய்தது.

சரி, சொற்களுக்கு வருகிறேன். அகதி இல்லை என்று முடிவானால் மறுஆய்வுத் தீர்ப்பாயம், அங்கும் தோற்றால் நவுருவின் சுப்ரீம் கோர்ட், அதற்கும் மேலே 1976-ல் போட்ட ஒப்பந்தப்படி ஆஸ்திரேலியாவின் ஹை கோர்ட். இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். இலங்கையில் 'உயர் நீதிமன்றம்' என்றால் சுப்ரீம் கோர்ட், 'மேல் நீதிமன்றம்' என்றால் ஹை கோர்ட். தமிழ்நாட்டில் சுப்ரீம் கோர்ட் 'உச்ச நீதிமன்றம்', ஹை கோர்ட்தான் 'உயர் நீதிமன்றம்'. ஆகவே ஒரே குடும்பத்தில் வன்னியில் படித்த அப்பாவும் தமிழ்நாட்டு முகாமில் படித்த மகனும் நான் சொன்ன ஒரே சொல்லை இரண்டு நீதிமன்றங்களாகக் கேட்டார்கள். போதாததற்கு இங்கே சுப்ரீம் கோர்ட்டுக்கு மேலே ஹை கோர்ட்! ஒருமுறை நானே மாற்றிச் சொல்லிவிட்டு, பாதியில் நிறுத்தி, என் தவறு என்று எல்லாரிடமும் சொல்லித் திருத்தினேன். பிறகு நோட்டில் ஒரு ஏணி வரைந்து வைத்துக்கொண்டேன், நாலு படி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தமிழ்ப் பெயர்.

2018 மார்ச்சில் நவுரு அந்த 1976 ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. செய்தி வெளியே தெரிந்ததே ஏப்ரலில்தான். நான் அதற்குள் வேலையை விட்டிருந்தேன், ஆனாலும் நோட்டை எடுத்து மேல் படியை அடித்தேன். அந்த ஆண்டு நவுரு தனக்கென்று அமைத்த மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பெயரை அதற்குப் பக்கத்தில் எழுதினேன். அதற்கு இரண்டாவது தமிழ்ப் பெயர் தேவைப்படவில்லை.