மெல்லிய தகடும் தடித்த சட்டமும்: சிறு டர்பைனுக்கு ரெக்கூப்பரேட்டர்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, ஷகாஸ்கிரால் பக்கம் ஏவான் மின்நிலையம் இருக்கிறது. டீசலில் ஓடும் டர்பைன்கள், மொத்தம் 670 மெகாவாட். எக்ஸாஸ்ட் அவ்வளவு சூட்டோடு புகைபோக்கியில் போவதைப் பார்த்தால், அதைப் பிடித்துக் கம்ப்ரசர் காற்றுக்குக் கொடுக்கக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும். மெல்லிய தகடுகளை அடுக்கி அந்த வேலையைச் செய்யும் வெப்பப் பரிமாற்றிதான் ரெக்கூப்பரேட்டர். பெரிய டர்பைனில் அது எடுபடாது. அழுத்த விகிதம், அதாவது கம்ப்ரசர் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது, 12, 15 என்று போகும்போது கம்ப்ரசரை விட்டு வரும் காற்றே 380 முதல் 425 டிகிரி இருக்கும். எக்ஸாஸ்டிலிருந்து வாங்கிக்கொள்ள மிச்சம் நூறு, நூற்றைம்பது டிகிரிதான். உச்ச நேரத்துக்கு மட்டும் ஓட்டி நிறுத்தும் நிலையத்தில் அந்த லாபத்துக்காக ஒரு பெரிய வெப்பப் பரிமாற்றியைச் சுமப்பது வீண்.

மைக்ரோ டர்பைனில் கணக்கு மாறுகிறது. அழுத்த விகிதம் 4 என்றால் காற்று சுமார் 210 டிகிரியில் வரும், எக்ஸாஸ்ட் 630 அளவில் போகும். நடுவில் 420 டிகிரி இடைவெளி. ரெக்கூப்பரேட்டர் இல்லாத 30, 65 கிலோவாட் இயந்திரம் எரிபொருளில் 15 சதவீதத்தை ஒட்டித்தான் மின்சாரமாக்கும். இருந்தால் 26 முதல் 29 சதவீதம் வரை கிடைக்கும். ஆகவே இங்கே அது இயந்திரத்தின் பாதி உயிர். இயந்திரத்தில் முதலில் கெடுவதும் பெரும்பாலும் அதுதான்.

வடிவமைக்க உட்காருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் செயல்திறன் இலக்கு. அந்த 420 டிகிரியில் 87 சதவீதத்தைக் காற்று வாங்கிக்கொண்டால் 575 டிகிரியில் எரிகலனுக்குள் போகும். 92 சதவீதம் வேண்டும் என்றால் கூடுதலாகக் கிடைப்பது 21 டிகிரி. எதிரெதிர் ஓட்டத்தில், இரு பக்கமும் ஓட்டம் சமமாக இருந்தால், அந்த 21 டிகிரிக்குத் தகட்டுப் பரப்பை 70 சதவீதம் கூட்ட வேண்டும். எடை கூடும், சூடாக நேரம் பிடிக்கும், வெல்டிங் நீளம் கூடும். கசிவுக்கான இடமும் அதே அளவில் கூடும். தினமும் ஓட்டி நிறுத்தும் இயந்திரத்துக்கு 85 முதல் 88 சதவீதத்தில் நின்றுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

அழுத்த இழப்பையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இரு பக்கமும் சேர்த்து 4 சதவீதம் என்று வைத்தால், விகிதம் 4 உள்ள இயந்திரத்தில் டர்பைனில் வாயு விரிவதில் ஏறக்குறைய 3 சதவீதத்தை அது தின்னும். டர்போசார்ஜரை வைத்துச் செய்யும் சோதனை இயந்திரத்தில் விகிதம் 2 தான் என்றால், அதே 4 சதவீதம் 6 சதவீதத்தை நெருங்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் போட்செஃப்ஸ்ட்ரூமில் 2002இல் ஓடிய பிபிஎம்எம் (பெபிள் பெட் மைக்ரோ மாடல்) என்ற சோதனை மாதிரி, கடையில் கிடைக்கும் மூன்று டர்போசார்ஜர்களையும் ஒரு ரெக்கூப்பரேட்டரையும் வைத்து நைட்ரஜனில் ஓடியது. அந்த வழியில் முயலும் மாணவர்கள் தகட்டுப் பரப்புக்கு முன்பே இழப்புக்கு ஒரு வரம்பு குறித்துக்கொள்வது நல்லது.

தகடுகளுக்கு நடுவே ஓட்டம் சுழிப்பில்லாமல் படலம் படலமாகத்தான் போகும். அங்கே ஓட்டத்தின் அளவு இடைவெளியின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 1 மி.மீ. இடைவெளி ஒரு வழியில் 1.1 மி.மீ. ஆகிவிட்டால் அந்த வழியில் 33 சதவீதம் அதிகமாகப் பாயும், பக்கத்து வழி பட்டினி கிடக்கும். காகிதத்தில் 87 வந்து, பொருத்திய பிறகு 80 கூட வரவில்லை என்றால் பொருளைக் குறை சொல்லுமுன் ஃபீலர் கேஜை எடுத்து இடைவெளிகளை அளந்து பாருங்கள். தகட்டை மடிக்கும் அச்சான டை தேய்ந்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும்.

ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உச்ச வெப்பநிலை இல்லை, சூடேறும் வேகத்தின் வித்தியாசம். 0.1 மி.மீ. தகடு சில நொடிகளில் சூடாகும். அதைப் பிடித்திருக்கும் 3 மி.மீ. சட்டத்துக்கும், காற்றைத் தகடுகளுக்குப் பங்கிடும் மேனிஃபோல்டுக்கும் நிமிடங்கள் ஆகும். இரண்டுக்கும் நடுவில் 100 டிகிரி வித்தியாசம் இருந்தால், 347 என்ற துருப்பிடிக்காத ஸ்டீலில் ஒரு மீட்டருக்கு 1.8 மி.மீ. நீட்சி வித்தியாசம். அதை அசையவிடாமல் பிடித்தால் உண்டாகும் தகைவு 290 மெகாபாஸ்கலை ஒட்டி வரும். அந்தச் சூட்டில் ஸ்டீல் மீளாமல் வளைந்துவிடும் அளவை அது நன்றாகத் தாண்டியது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் வெல்டிங் ஓரம் இப்படி ஒரு முறை கசங்குகிறது. விரிசலும் அந்த ஓரத்தில், காற்று நுழையும் மூலையில்தான் தொடங்கும்.

அதனால் மொத்தத்தையும் ஒரே பாளமாக பிரேசிங் செய்வதைவிட (நிரப்பு உலோகத்தை உருக்கி ஒட்டுவதைவிட), ஓரம் மட்டும் வெல்ட் செய்த தகட்டு ஜோடிகளான செல்களை அடுக்கி, ஒன்றோடொன்று வழுக்க இடம் விட்டு இறுக்குவதை நான் விரும்புகிறேன். செல்கள் உரசுவதால் அதிர்வும் அடங்கும். பிரேசிங்தான் வழி என்றால் போரான் உள்ள நிக்கல் நிரப்பியை அளவாகப் போடுங்கள். அளவு மீறினால் போரான் மெல்லிய தகட்டுக்குள் ஊடுருவி நொறுங்கும் போரைடுகளை உண்டாக்கும், தகட்டையும் அரித்துவிடும்.

347 ஸ்டீலுக்கு 650 டிகிரி எல்லை. எக்ஸாஸ்டில் உள்ள நீராவியோடு சேர்ந்து குரோமியம் ஆக்சைடு படலம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். 0.1 மி.மீ. தகட்டில் அதை ஈடுகட்டக் குரோமியம் அதிகம் இல்லை. தீர்ந்ததும் இரும்பு ஆக்சைடு பொங்கி, தகடு சீக்கிரம் ஓட்டையாகும். அதற்கு மேல் போவதானால் 625 என்ற நிக்கல் கலவை, இல்லையென்றால் அலுமினா படலம் உண்டாக்கும் ஆஸ்டெனிடிக் ஸ்டீல்; நீராவியால் அலுமினா இப்படி ஆவியாகாது. இன்னொரு குறையும் உண்டு: காற்றுப் பக்கம் 4 பார், எக்ஸாஸ்ட் பக்கம் 1 பார். தகடு வருடக்கணக்கில் மெல்ல உப்பி எக்ஸாஸ்ட் வழியை நெரிக்கும். கரி படியாமலேயே பின்னழுத்தம் மாதாமாதம் ஏறுகிறது என்றால் அதுதான் காரணம். கழுவி அதைச் சரிசெய்ய முடியாது.

நம் டர்பன் கரையோரத்துக்கென்று இரண்டு தொல்லைகள். கரும்பு வெட்டும் பருவத்தில் எரித்த தோட்டத்துச் சாம்பல் காற்றோடு வந்து ஃபில்டரை அடைக்கும், அப்போது மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். உப்புக் காற்று அதைவிடக் கெடுதல். இயந்திரம் நின்று ஆறும்போது உப்பும் ஈரமும் சேர்ந்து படிந்தால், வெல்டிங்கில் எஞ்சிய இழுவிசையால் 60 டிகிரியிலேயே 347 பிளக்கும். நீர் ஒட்டாத கடைசிக் கட்ட ஃபில்டரும், ஆறியதும் தானாக மூடும் டேம்பரும் அவசியம். கழுவினால் கனிமம் நீக்கிய நீரில் மட்டும் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கிறது.

நிறுத்தும் முறையைக் கடைசியில் யோசிக்கலாம் என்று விடாதீர்கள். திடீரென்று லோடு விழுந்து எரிபொருளை மூடினாலும், உலோகத்தில் தேங்கிய சூடு காற்றைச் சூடாக்கி டர்பைனைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வேகம் எல்லை மீறும். கம்ப்ரசர் காற்றை ரெக்கூப்பரேட்டருக்கு முன்பே வெளியேற்றும் வால்வு ஒன்று வேண்டும். இப்படி அவசரமாக எரிபொருளை மூடும் அதே சிக்னலில் அது திறக்க வேண்டும். சாதாரணமாக நிறுத்தும்போது அந்த வால்வு மூடியே இருக்கட்டும். லோடைப் படிப்படியாக இறக்கி, தீ அணைந்த பிறகும் ஸ்டார்ட்டர் மோட்டாரால் குறைந்த வேகத்தில் சுழற்றி, சட்டத்துக்கும் தகட்டுக்கும் உள்ள வித்தியாசம் 100 டிகிரியைத் தொடாமல் ஆற்றுங்கள். அதைப் பார்க்க மேனிஃபோல்ட் மூலையில் ஒரு தெர்மோகப்பிள், நடுத்தகட்டை ஒட்டி இன்னொன்று, இரண்டும் போதும்.