கௌரவப் பொய்க்கு எத்தனை கதவு வேண்டும்?

குடும்ப ரகசியத்தை வைத்து நகைச்சுவை எபிசோட் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். ரகசியம் பெரிதாக இருந்தால்தான் கதை நிற்கும் என்று நினைத்து சின்ன வீடு, அடமானம் போன பத்திரம், யாருக்கும் சொல்லாத தத்துப்பிள்ளை என்று எதையாவது இழுத்துவருகிறார்கள். அவ்வளவு பெரிய விஷயத்தை ஒருவர் மறைத்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது. இந்த ஆள் எப்போது மாட்டுவான் என்றுதான் இருக்கும். இந்த வகைக் கதைக்கு வேண்டியது அற்ப ரகசியம். ஒரு நிமிடம் அசடு வழிந்தால் தீர்ந்துபோகிற விஷயம். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து அரை மணி நேரம் அல்லாடுகிற மனுஷன்தான் வேடிக்கை.

இதற்கு நான் எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வது ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் ‘தி ஆனிவர்சரி’ எபிசோட். 1979 மார்ச் 26 அன்று பிபிசி 2-இல் ஒளிபரப்பானது. தொடரே மொத்தம் 12 எபிசோட்தான்: 1975-இல் 6, 1979-இல் 6. எழுதியவர்கள் ஜான் கிளீஸும் கானி பூத்தும். முதல் சீசன் எழுதும்போது கணவன் மனைவி. இரண்டாவது சீசன் திரைக்கு வருவதற்குள் விவாகரத்து ஆகிவிட்டது. பிரிந்துபோன இருவர் பெயரில் வந்த கல்யாண நாள் கதை இது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும், தெரியாமல் பார்த்தாலும் நஷ்டமில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் ஓட்டல் நடத்துபவர் பேசில் ஃபால்ட்டி (நடித்தவர் கிளீஸேதான்). 15-ஆவது கல்யாண நாளுக்கு மனைவி சிபிலுக்குத் தெரியாமல் நண்பர்களை விருந்துக்கு அழைத்திருக்கிறார். விஷயம் கசியக் கூடாதென்று, நாளே ஞாபகமில்லாதவர் போல நடிக்கிறார். நடிப்பதில் கொஞ்சம் அதிகமாகவே குஷி கண்டுவிடுகிறார். மறந்தேவிட்டார் என்று நம்பிய சிபில், கோபத்தோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கார் போன கையோடு விருந்தாளிகள் வாசலில்.

இதில் முக்கியமானது, பேசில் தப்பு எதுவும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் விருந்தாளிகளே சிரித்துவிட்டு, ‘சரி, போய்க் கூட்டிக்கொண்டு வா’ என்றிருப்பார்கள். ஆனால் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பதை நண்பர்களிடம், அதுவும் ரோஜர் மாதிரி வாயாடியிடம் சொல்வதா? அங்கே பிறக்கிறது முதல் பொய்: சிபிலுக்கு உடம்பு சரியில்லை, மாடியில் படுத்திருக்கிறாள்.

இந்தப் பொய் ஏன் இந்தக் கதைக்குச் சரியான பொய் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் விருந்தாளிகள் உட்கார்ந்து காத்திருப்பார்கள். கதை அங்கேயே படுத்துவிடும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றால், பின்னே எங்களை எதற்கு இன்றைக்கு வரச் சொன்னாய் என்று ஒரே கேள்வியில் எல்லாம் முடிந்துவிடும். உடம்பு சரியில்லை என்பதோ, கேட்கிறவர்களின் அன்பைக் கிளப்பிவிடுகிற பொய். வீட்டுக்கு வந்தவர்கள் எட்டிப் பார்க்காமல் போகமாட்டார்கள். என்ன செய்கிறது, டாக்டரைப் பார்த்தீர்களா, ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறோமே என்று ஒவ்வொரு விசாரிப்பும் பேசிலின் கழுத்தில் இன்னொரு முடிச்சு. குறுக்கு விசாரணை செய்கிற பாத்திரம் ஒன்றுகூட வேண்டாம், பாசமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஸ்கிரிப்ட் எழுதும்போது இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பொய்யை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, அதைக் கேட்கிற நல்லவர் ஒருவர் இயல்பாகக் கேட்கக்கூடிய கேள்விகளை எழுதுங்கள். நாலைந்துக்குக் குறைந்தால் அந்தப் பொய் எபிசோடைத் தாங்காது. ஒவ்வொரு கேள்விக்கும் பதிலாக இன்னொரு பொய். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செலவு வைக்க வேண்டும். முதலில் வாயால் சமாளிப்பு, அடுத்து உடம்பால், அடுத்து இன்னொரு ஆளை இழுத்துவிடுதல், கடைசியில் ஒருவரைப் பிடித்துத் தள்ளுதல். இந்த எபிசோடின் ஏற்றம் ஏறக்குறைய அப்படித்தான் போகிறது.

விருந்தாளிகள் மூன்று தம்பதிகள். ஆறு பேர் என்றதும் கூட்டம் சேர்க்க வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம், பார்த்துப் பார்த்துத்தான் வேலை பிரித்திருக்கிறார்கள். ரோஜருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்; புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று சரியாகவே ஊகித்து, அதை ஜோக்காக அடித்துக்கொண்டே இருக்கிறார். வர்ஜீனியா நர்ஸ். ஆகவே ‘நான் ஒரு பார்வை பார்க்கிறேன்’ என்று மாடிப்படி ஏற அவருக்கு உரிமை இருக்கிறது, மறுக்க பேசிலுக்கு வழியில்லை. வந்தவர்களில் சிலர் வழியிலேயே சிபிலைக் காரில் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒருவர் ஊகம், ஒருவர் அனுபவ அறிவு, ஒருவர் கண்ணால் கண்ட சாட்சி. ஒரே சந்தேகத்தை ஆறு பேர் வாயில் போட்டிருந்தால் இரண்டாவது ஆளிலேயே அலுத்திருக்கும்.

கண்ணால் கண்டவர்களை எப்படிச் சமாளிப்பது? அது சிபில் இல்லை, அச்சு அசல் அவளைப் போலவே ஊரில் ஒருத்தி இருக்கிறாள், வடக்கிலிருந்து வந்தவள் என்கிறார் பேசில். நம் சினிமாவில் டபுள் ஆக்ஷன் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். அங்கே அது வேறு வழியே இல்லாதவன் வாயில் வந்த உளறல். ஆனால் அந்த உளறலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், எழுதியவர்கள் அதை வீணாக்கவில்லை.

இப்போது படுக்கையறை. ஓட்டலில் வேலை பார்க்கும் பாலியை சிபிலாகப் படுக்கவைப்பது என்று முடிவாகிறது. நுணுக்கம் வரிசையில் இருக்கிறது. குரல் போய்விட்டது, முகம் வீங்கியிருக்கிறது என்று பேசில் முன்பே அடுக்கிவிட்டார்; அப்போது அவருக்கு ஆள்மாறாட்ட யோசனையே கிடையாது, விருந்தாளிகளை மாடிக்கு விடாமலிருக்கச் சொன்ன சாக்குகள் அவை. பிறகு அதே சாக்குகள்தான் பாலியின் வேஷத்துக்குக் கைகொடுக்கின்றன: பேச வேண்டாம், முகம் சரியாகத் தெரிய வேண்டாம், திரையை இழுத்து இருட்டாக்கலாம், மிச்சத்தைப் பொய்முடி பார்த்துக்கொள்ளும். இதைத் தலைகீழாக, அதாவது வேஷத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற நோயைப் பேசில் வாயில் போட்டால், பார்க்கிறவர்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஆள்மாறாட்டக் கதைகள் பாதி இங்கேதான் கெடுகின்றன.

பாலி ஏன் சம்மதிக்க வேண்டும்? அதற்கும் முன்பணம் கட்டியாயிற்று. எபிசோடின் தொடக்கத்திலேயே கார் வாங்க அவருக்குப் பணம் தேவை என்று வந்துவிடும். பேசில் அப்போது நழுவுகிறார். இப்போது நழுவ முடியாது. விசுவாசத்தால் உதவுகிற பாத்திரத்தைவிட பேரம் பேசி உதவுகிற பாத்திரத்துக்கு இந்த வகைக் கதையில் உயிர் அதிகம். எந்த நேரத்தில் கைவிட்டுவிடுவாரோ என்ற பதைப்பு கூடவே வரும்.

அந்த அறைக் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். கட்டிலில் பாலி, எதிரே நெருக்கியடித்து நிற்கும் கூட்டம், நடுவில் கிளீஸின் நெட்டை உடம்பு. வர்ஜீனியா கட்டிலை நெருங்க நெருங்க அவர் செய்யும் சமாளிப்பெல்லாம் வார்த்தையில்லாமலே புரியும். கடைசியில் சோதித்துப் பார்க்கக் குனிகிற நர்ஸை ‘நோயாளி’ அடித்துவிடுகிறார். வாயைத் திறக்க முடியாதவருக்கு வேறென்ன வழி?

இவ்வளவும் முடிந்து எல்லோரும் கீழே வரும் நேரத்தில் உண்மையான சிபில், கோல்ஃப் மட்டைகளை எடுத்துப்போகத் திரும்பி வருகிறார். இங்கேதான் அந்த வடக்கத்திப் பெண்மணி உதவிக்கு வருகிறார். பேசில் தன் மனைவியை அந்நியப் பெண்ணை வரவேற்பது போல வரவேற்று, அப்படியே சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, விருந்தாளிகளை வழியனுப்ப வருகிறார். சிபிலாக நடித்த புருனெல்லா ஸ்கேல்ஸின் முகத்தில் அந்தச் சில நொடிகளில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம். உடனே கத்தியிருந்தால் காட்சி செத்திருக்கும்.

கதவுக் கணக்குக்கு வருவோம். எண்ணிக்கை பெரிதல்ல. ஒரு இடத்தில் நிற்பவருக்கு அடுத்த இடத்தில் நடப்பது தெரியக்கூடாது, பொய்யருக்கு மட்டும் எல்லா இடத்துக்கும் போகவர வழி இருக்க வேண்டும். இங்கே லாபி, பார், மாடி, சமையலறை என்று நான்கு. எல்லாவற்றுக்கும் நடுவே லாபி. தெருவிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கால் வைக்க வேண்டும். ஹால் ஒன்று, பெட்ரூம் ஒன்று உள்ள ஃபிளாட்டில் இதை எடுக்க முயன்றால் பொய்யர் ஓட இடமில்லாமல் நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருப்பார், காட்சி நாடக ஒத்திகை போல ஆகிவிடும். அப்படிப்பட்ட வீடுதான் கிடைத்தது என்றால் மொட்டை மாடி, லிஃப்ட், எதிர் வீடு மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு கட்டம் போட்டுவிடுவது நல்லது. மேலே பாத்திரங்களின் பெயர், பக்கவாட்டில் காட்சி எண். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆள் அந்த நிமிடத்தில் எதை உண்மை என்று நம்புகிறார் என்று ஒரு வரி. பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டங்களில் ஒரே வரி வந்தால் அந்த இரண்டு பாத்திரங்களில் ஒன்று உபரி. பார்வையாளருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அதில் எப்போதும் ‘எல்லாம் தெரியும்’ என்றுதான் இருக்க வேண்டும். கடைசியில் பார்வையாளருக்கும் ஒரு ட்விஸ்ட் வைப்போமே என்ற ஆசை பலருக்கு வரும். இந்த வகைக் கதைக்கு அது விஷம். தெரிந்ததால்தான் சிரிக்கிறார்கள்.

இன்றைக்கு எழுதுபவர்களுக்குப் பெரிய இடைஞ்சல் செல்போன். மாடியில் படுத்திருப்பவருக்கு வீடியோ கால் போடு என்று யாராவது சொன்னால் முடிந்தது. சார்ஜ் இல்லை, டவர் கிடைக்கவில்லை என்று தப்பிப்பது சோம்பேறித்தனம். கோபத்தில் கிளம்பியவர் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார் என்று வைத்துப் பாருங்கள். விருந்தாளி அழைக்கிறார், கூடத்து மேஜையில் மணி அடிக்கிறது, உடம்பு முடியாதவளின் போன் கீழே என்ன செய்கிறது? தடையாக இருந்த பொருளே ஒரு புதுப் பொய்யைக் கறந்துவிடும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த நேரத்தில் ஒரு படம் வந்து விழுவது அதைவிடக் கொடுமை. அந்தச் சாட்சியை அழிப்பதற்குள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. ராய் கிளார்க் எழுதி 1990 முதல் 1995 வரை பிபிசியில் வந்த ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’. பெட்ரீஷியா ரட்லெட்ஜ் நடித்த ஹயசிந்துக்குக் கௌரவப் பொய் ஒருநாள் விபத்து அல்ல, தினசரி அனுஷ்டானம். பாதிரியார் வருகிற நேரமாகப் பார்த்து, பனியனோடு திரியும் மச்சான் ஆன்ஸ்லோ தலைகாட்டுவார். அங்கே ரகசியம் ஊருக்கே தெரியும். தெரியாதது போல எல்லோரும் நடந்துகொள்வதுதான் ஜோக். பக்கத்து வீட்டு எலிசபெத், காபி குடிக்க அழைத்தாலே பயத்தில் கோப்பையைக் கொட்டிவிடுவார். அந்த முறையில் எழுதினால் கதை ஏறவே வேண்டியதில்லை, வாராவாரம் ஒரே இடத்தில் நின்றாலும் போதும். ஆனால் நடிகை அசாத்தியமானவராக அமைய வேண்டும். முதல் முறையாக எழுதுபவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

மறுபடி ‘தி ஆனிவர்சரி’க்கு வருவோம். முடிவில் பேசிலை அம்பலப்படுத்தாமல் விட்டது துணிச்சல். ‘ஃப்ரேசியர்’ என்ற அமெரிக்கத் தொடரின் 1996 எபிசோட் ‘தி டூ மிஸஸ் கிரேன்ஸ்’ ஒரு பாத்திரத்தின் பழைய காதலன் முன்னால் எல்லோரும் போட்ட வேஷங்களையெல்லாம் கடைசியில் கலைத்துக் காட்டும். அதற்கும் நல்ல சிரிப்பு. இங்கேயோ விருந்தாளிகளை வெற்றிகரமாக அனுப்பிவிட்டு, இதுவரை நடந்தது சுலபம், இனிதான் சிக்கல் என்ற அர்த்தத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு பேசில் சமையலறைப் பக்கம் நடக்கிறார். பொய் வென்றுவிட்டது, எந்தக் கல்யாண நாளுக்காக எல்லாம் தொடங்கியதோ அதுதான் அலமாரிக்குள் கிடக்கிறது. சிபில் வெளியே வந்ததும் என்ன ஆகும் என்பதை நாம் அவர்களைவிட நன்றாகவே எழுதிக்கொள்வோம்.

குறை என்று சொன்னால் பயேயா என்ற ஸ்பானியச் சோற்று விஷயம். பார்சிலோனாக்காரரான ஓட்டல் சர்வர் மானுவெல் விருந்துக்குத் தன் கையால் பயேயா செய்ய ஆசைப்பட, சமையல்காரர் டெரி விட்டுக்கொடுக்க மறுக்க, இருவரும் அடித்துக்கொள்கிறார்கள். தனியாகப் பார்த்தால் வேடிக்கைதான். ஆனால் மேலே நடக்கும் பொய்யை அது கிட்டத்தட்ட உரசுவதே இல்லை; அந்தச் சண்டையை அப்படியே எடுத்துவிட்டாலும் சிபிலின் கதை நடக்கும். வேறு தொடரில் இதைக் குறையென்று யாரும் சொல்லமாட்டார்கள். சாதாரண அரை மணி சிட்காமைவிட ஏறக்குறைய இரு மடங்கு பக்கம் எழுதி, அத்தனையையும் ஒன்றோடொன்று கோத்துக் காட்டியவர்கள் என்பதால்தான் இந்த ஒரு இழை தொங்குவது கண்ணில் படுகிறது.