16 அடி டிரைமரான்: மிதவையும் குறுக்குக் குழாயும் முதலில்

வீட்டில் டிரைமரான் (நடுவில் ஒரு உடல், இருபக்கமும் ஒவ்வொரு மிதவை உள்ள பாய்ப்படகு) கட்டத் தொடங்குகிறவர்கள் நடு உடலைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். சின்னப் படகுகளில் நடு உடல் உடைவது அபூர்வம். முதலில் கைவிடுவது, மிதவைகளை நடு உடலோடு இணைக்கும் குறுக்குக் குழாய். அடுத்தது அளவு போதாத மிதவை. இந்த இரண்டையும் கணக்குப் போட்டுச் செய்தால் நடு உடலுக்கு ஒரு பழைய கேனோவே (ஒடுங்கிய துடுப்புப் படகு) தாராளம். வட அமெரிக்காவில் இந்த வகைப் படகுகள் பல அப்படித்தான் பிறக்கின்றன: கொட்டகையில் கிடந்த 16 அடி கேனோ, பிளைவுட்டில் இரண்டு மிதவை, இரண்டு அலுமினியக் குழாய், யாரோ கழித்த லேசர் (ஒற்றை ஆள் பந்தயப் படகு) பாய். இந்தப் பதிவும் அந்த அமைப்பைப் பற்றியதுதான். கேனோவின் நீளம் 4.9 மீட்டர், அகலம் 90 செ.மீ., பாயின் பரப்பு 7 சதுர மீட்டர், ஓட்டுபவர் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) காற்று 20 நாட் ஆனால் விசை நான்கு மடங்கு. பாயின் விசைமையத்துக்கும் படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பக்கப்பலகையின் மையத்துக்கும் இடையே 2.7 மீட்டர், மிதவையின் மையம் படகின் நடுக்கோட்டிலிருந்து 1.3 மீட்டர். இந்த அளவுகளில், படகு கவிழாமல் இருக்க மிதவை தாங்க வேண்டிய எடை ஏறத்தாழ இப்படி வரும்: 10 நாட் காற்றில் 28 கிலோ, 15 நாட்டில் 64 கிலோ, 20 நாட்டில் 113 கிலோ, 25 நாட்டில் 176 கிலோ. ஓட்டுபவர் காற்று வரும் பக்கமாக 40 செ.மீ. நகர்ந்து உட்கார்ந்தால் இதில் 23 கிலோ குறையும்.

ஒரு லிட்டர் கொள்ளளவு மூழ்கினால் நல்ல தண்ணீரில் ஒரு கிலோ தாங்கும். கடல்நீரில் கொஞ்சம் கூடுதல், கணக்கில் சேர்க்க வேண்டாம். 3.6 மீட்டர் நீளம், 26 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில், இரு முனையும் கூர்த்து வரும் மிதவையின் கொள்ளளவு 140 லிட்டர் பக்கம் வரும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கிப் பாதியை எடுத்தால் முதல் மதிப்பீட்டுக்குப் போதும். ஆக, முழுப் பாயோடு 15 நாட் வரை மிதவை பாதிக்கும் குறைவாகவே மூழ்கும். 20 நாட்டில் பெரும்பகுதி மூழ்கி, இழுவை கூடி, அணியம் (முன்முனை) தண்ணீருக்குள் புகப் பார்க்கும். 15 நாட் காற்றில் 20 நாட் வீச்சு (திடீர் வலுக்காற்று) வருவது சாதாரணம் என்பதால், முழுப் பாய்க்கு மேல் எல்லை 12 நாட் என்று வைத்துக்கொள்வதே சரி. 50 லிட்டர், 60 லிட்டர் மிதவைகளோடு சில படகுகள் ஓடத்தான் செய்கின்றன. அவற்றில் காற்று லேசாக ஏறினாலும் உடனே பாயைச் சுருட்ட வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் படகு மன்னிக்காது. பெரிய மிதவைக்குக் கூடுதலாக ஆகும் இரண்டு கிலோ எடையைக் கஞ்சத்தனம் பார்க்காமல் கொடுத்துவிடலாம்.

மிதவைக்கு 4 மி.மீ. மரைன் பிளைவுட் போதும். பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்து ஓகூமே (இலேசான ஆப்பிரிக்க மரம்) பலகை ஒரு தாள் (8க்கு 4 அடி) சுமார் 6 கிலோ. இந்தியாவில் கிடைக்கும் ஐ.எஸ். 710 முத்திரைப் பலகையின் பசை தண்ணீரைத் தாங்கும், ஆனால் கனமான மரத்தில் செய்வதால் எடை கூடும். இரண்டு மிதவைக்கும் சேர்த்து நான்கு தாள், எபாக்ஸி (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) 6 கிலோ, 75 மி.மீ. கண்ணாடியிழை டேப், வெளிப்பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணி. இலேசான பலகையில் கட்டினால் முடிந்த மிதவை 10 கிலோ அளவில் நிற்கும். பாலியெஸ்டர் பிசின் மலிவுதான். ஆனால் அது மரத்தைச் சரியாகப் பிடிக்காது, ஓரிரு பருவத்தில் துணி உரிந்து வரும். அதை இங்கே தொடவே வேண்டாம்.

8 அடிப் பலகையை நீட்ட, இரு பலகைகளின் முனைகளையும் சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்ட வேண்டும்; இந்தச் சரிவு ஒட்டு 8க்கு 1 விகிதத்தில் இருக்க வேண்டும், 4 மி.மீ. பலகைக்கு 32 மி.மீ. சரிவு. இரண்டு சரிவு முகங்களுக்கும் முதலில் வெறும் எபாக்ஸியைத் தடவி, மரம் குடிக்கும் வரை பத்து நிமிடம் விட்டு, பிறகுதான் கெட்டியாக்கிய கலவையை வைக்க வேண்டும். அதை விட்டால் மரம் பிசினை உறிஞ்சி, ஒட்டு உள்ளே வறண்டுபோகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வளைக்கும்போதுதான் 'டக்'கென்று விடும்.

பலகைகளை ஓரத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி, 12 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு, செம்புக் கம்பியாலோ கேபிள் டையாலோ தைக்கிறோம். அணியத்தில் வளைவு இறுகுவதால் 5 செ.மீ.க்கு ஒன்று. எல்லாவற்றையும் தைத்து, முறுக்கு இருக்கிறதா என்று இரு முனையிலும் நேர்க்குச்சி வைத்துக் கண்ணால் ஒட்டிப் பார்த்த பிறகே எபாக்ஸி கலக்கவும். முறுக்கோடு இறுகிய மிதவையை நிமிர்த்த வழியே இல்லை. உள்மூலைகளில் மரத்தூள் கலந்த எபாக்ஸியை வைத்து வழிக்க வேண்டும். பதம் கெட்டித் துவையல் மாதிரி, கரண்டியைச் சாய்த்தால் நிற்க வேண்டும். அது இறுகும் முன்பே மேலே டேப்பைப் போட்டுவிட்டால் இடையில் தேய்க்கிற வேலை மிச்சம்.

வெயில் ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். கலந்த எபாக்ஸியைக் குவளையிலேயே வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து போகும். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள், மெதுவான ஹார்டனரை வாங்குங்கள். இன்னொன்று, வெறும் மரத்தில் முதல் பூச்சைக் காலையில் அடிக்கக் கூடாது. நேரம் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து, பூச்சில் நூற்றுக்கணக்கான குமிழ்களைக் கிளப்பும். மாலையில், சூடு இறங்கும் நேரத்தில் அடித்தால் அதே காற்று சுருங்கிப் பிசினை உள்ளே இழுக்கும். இறுகிய எபாக்ஸி மேல் மெழுகு போன்ற படலம் படிந்திருந்தால், தேய்ப்பதற்கு முன் தண்ணீரால் கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் அது உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும், அடுத்த பூச்சும் பிடிக்காது. கடைசியில் பெயின்ட் கட்டாயம். எபாக்ஸி வெயிலைத் தாங்காது.

ஒவ்வொரு மிதவைக்குள்ளும் குறைந்தது மூன்று குறுக்குத் தடுப்பு வேண்டும். குழாய் உட்காரும் இரண்டு இடங்களின் கீழேயும் ஒவ்வொன்று நிச்சயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் திறக்கிற மூடி வையுங்கள். வெயிலில் கிடந்த மிதவையைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, மூடியின் விளிம்பு வழியே தண்ணீரை உறிஞ்சும். ஓட்டை ஏதும் இல்லாத மிதவையில் எப்படித் தண்ணீர் வந்தது என்று பலர் குழம்புவது இதனால்தான். கரையில் இருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து, தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நேரம் கழித்து மூடினால் போதும்.

இனி குழாய். கேனோவின் விளிம்பிலிருந்து மிதவையின் மையம் வரை 85 செ.மீ. தொங்கல். மிதவை முழுவதும் மூழ்கும் நேரத்தில் ஒரு குழாய் 60 சதவீதச் சுமையை வாங்குகிறது, அலை அடித்தால் அது இரட்டிப்பாகிறது என்று வைத்தால், கேனோவின் விளிம்பில் வளைவு விசை 1,400 நியூட்டன்-மீட்டர். 50 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன் குழாயில் இது 285 மெகாபாஸ்கல் அழுத்தமாகிறது. 6061-டி6 அலுமினியம் சுமார் 240லேயே வளையத் தொடங்கிவிடும். அதே தடிமனில் 63 மி.மீ. குழாய் எடுத்தால் அழுத்தம் 173தான். 2.9 மீட்டர் குழாய்க்கு எடை வித்தியாசம் ஒரு கிலோகூட இல்லை. வலிமையோ 65 சதவீதம் அதிகம். இந்தப் படகு முழுவதிலும் இவ்வளவு லாபமான ஒரு கிலோ வேறெங்கும் கிடைக்காது. ஜன்னல் சட்டத்துக்கு வரும் 6063 வகைக் குழாய் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் நலிந்தது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

குழாயில் வெல்டிங் கூடாது. சூடுபட்ட இடத்தில் வலிமை ஏறத்தாழ பாதியாகிவிடும். கேனோவின் விளிம்பருகே குழாயின் மேல்முகத்திலோ கீழ்முகத்திலோ துளையும் கூடாது, இழுவிசையும் அமுக்கமும் அங்கேதான் உச்சம். துளை போட்டே ஆக வேண்டுமென்றால் பக்கவாட்டில், நடு உயரத்தில். உப்புத்தண்ணீரில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் நேராகத் தொட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இடையில் நைலான் உறையும் வாஷரும் போட வேண்டும்.

இந்த அளவுப் படகுக்கு போல்ட்டை விடக் கயிற்றால் கட்டுவதையே பரிந்துரைக்கிறேன். குழாயின் வளைவுக்கு ஏற்பக் குடைந்த மரக்கட்டை மேல் குழாயை உட்கார வைத்து, 4 மி.மீ. பாலியெஸ்டர் கயிற்றில் எட்டுச் சுற்று, பிறகு அந்தச் சுற்றுகளுக்குக் குறுக்கே நான்கு சுற்று இறுக்கம். இந்தக் குறுக்குச் சுற்றுதான் கயிற்றுக் கட்டுக்கு விறைப்பு தருகிறது. அது இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் தளர்ந்து, குழாய் மரக்கட்டையின் மேல் அரைக்கத் தொடங்கும். நைலான் கயிறு நனைந்தால் நீளும், ஆகாது. கட்டு லேசாக இசைந்து கொடுப்பதால் சுமை ஒரே துளையில் குவியாது. நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபேரியர் 1970களில் உருவாக்கிய, மிதவைகளை உடலோடு மடக்கும் அமைப்பு அருமையான பொறியியல். ஆனால் 16 அடிப் படகுக்கு அவ்வளவு வேண்டாம். நம் படகின் முழு அகலம் 2.86 மீட்டர், அமெரிக்கச் சாலையில் டிரெய்லருக்கு அனுமதி 2.59 மீட்டர். எப்படியும் கழற்றத்தான் வேண்டும், கயிற்றுக் கட்டு அதற்கும் வசதி.

பொருத்தும்போது ஒரு மிதவை தண்ணீரைத் தொட்டால் மற்றது 8 செ.மீ. மேலே நிற்கும்படி வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் மூழ்கினால் படகு இழுபடும், திரும்பவும் மறுக்கும். இரு மிதவைகளுக்கும் இடையே அணியத்திலும் பின்முனையிலும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். மிதவையின் அணியம் நடு உடலின் நீர்க்கோட்டை விட 2, 3 செ.மீ. தூக்கலாக இருப்பது நல்லது.

லேசர் பாயின் வசதி, அது பாய்மரத்தில் உறைபோல மாட்டுவது. பாய்மரத்தைச் சுழற்றினால் பாய் சுருண்டு பரப்பு குறையும், விசைமையமும் கீழே இறங்கும். 4.5 சதுர மீட்டருக்குச் சுருட்டினால் 20 நாட்டிலும் மிதவை தாங்க வேண்டியது 60 கிலோ பக்கம்தான். ஆனால் தாங்கு கயிறு இல்லாத பாய்மரத்தின் அடிக்கு டிரைமரானில் சுமை அதிகம். ஒற்றை உடல் படகு சாய்ந்து காற்றை வழியவிடும், இது சாயாமல் முழுவதையும் வாங்கும். பாய்மரத்தின் அடி உட்காரும் அடித்தாங்கிக்கும் அதை மேலே பிடிக்கும் மேல்வளையத்துக்கும் இடையே 35 செ.மீ. என்றால், 15 நாட் காற்றிலேயே அடியில் பக்கவாட்டாக 190 கிலோ தள்ளும். அடித்தாங்கியை 30 செ.மீ. சதுரப் பலகையில் ஒட்டிப் பரப்புங்கள், மேல்வளையத்தை முன் குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள்.

பக்கப்பலகை 25 செ.மீ. அகலம், தண்ணீருக்குள் 85 செ.மீ., தடிமன் 25 மி.மீ. இதை முன்னும் பின்னும் நகர்த்தும்படி கவ்வியில் மாட்டினால் சுக்கானின் சமநிலையைத் தண்ணீரிலேயே சரி செய்யலாம். கைப்பிடியை விட்டதும் படகு மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்ப வேண்டும். விலகிப் போனால் பலகையை முன்னே தள்ளுங்கள்.

காற்றின் குறுக்கே திரும்புவதில்தான் புதியவர்கள் சிக்குகிறார்கள். படகு இலேசானது, உந்தம் சீக்கிரம் செத்துவிடும். முழு வேகத்தில் இருக்கும்போது சுக்கானை மெதுவாகத் திருப்பத் தொடங்குங்கள்; சடாரென்று அடித்தால் சுக்கான் பிரேக் ஆகிவிடும். காற்றுக்கு நேரே வந்ததும் பாய்க்கயிற்றைத் தளர்த்திப் புதிய திசையில் வேகம் பிடித்த பிறகு இறுக்குங்கள். நின்றுவிட்டால் படகு பின்னோக்கி நகரும், அப்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும். அதைப் பயன்படுத்தி அணியத்தைத் திருப்பலாம். துடுப்பு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

காற்று பக்கவாட்டில் அடிக்கும் ஓட்டம்தான் அபாயமானது. வீச்சு வந்தால் மிதவையின் அணியம் புதைந்து, படகு மூலைவாட்டில் குட்டிக்கரணம் போடும். அந்த நொடியில் சுக்கானைத் தேடாதீர்கள், பாய்க்கயிற்றை விடுங்கள், பின்னால் நகருங்கள். பாய்க்கயிற்றைக் கட்டி வைத்து ஓட்டவே கூடாது. முழுவதும் தலைகீழான டிரைமரான் நேராக இருந்ததைப் போலவே உறுதியாக மிதக்கும், ஒற்றை ஆள் நிமிர்த்த முடியாது. அதனால் பாயின் உச்சியில் 10 லிட்டர் நுரைமிதவை கட்டுங்கள். படகு பக்கவாட்டில் படுத்த நிலையிலேயே நிற்கும். அப்போது பாய்க்கயிற்றை முழுவதும் விட்டு, தண்ணீரில் இருக்கும் மிதவையின் மேல் நின்று, மேலே நிற்கும் மிதவையில் முன்பே கட்டிவைத்த கயிற்றைப் பிடித்து அடிப்பக்கமாகச் சாய வேண்டும். காற்று இல்லாத நாளில், உயிர்காப்பு உடையோடு, பக்கத்தில் இன்னொரு படகு நிற்க, இதைச் செய்து பாருங்கள். நிமிரவில்லை என்றால் நுரைமிதவையின் அளவையோ கயிற்றின் நீளத்தையோ மாற்றிய பிறகுதான் கரையை விட்டுத் தள்ளிப் போக வேண்டும்.