அப்பா அவிழ்த்த துண்டு

இன்று காலை அப்பா தறிக்குடோனுக்குள் போனார். இரண்டு நிமிடம்கூட இருக்காது, நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

சோமனூரில் முப்பது வருஷம் அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்த மனுஷன்.

தலையில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். துண்டின் கரை அப்படியே நெற்றியில் பதிந்து சிவந்திருந்தது. வலி தெரியாமல் இருக்க அவ்வளவு இறுக்கம்.

மூளையின் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கசிந்து நான்கு மாதம் ஆகிறது. கசிவுக்குப் பிறகு மூளை பாதிக்காமல் இருக்கத் தரும் நிமோடிபைன் மாத்திரை 4 மணிக்கொரு தரம், முதல் 21 நாள். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து அம்மாதான் கொடுத்தார்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லீன்னுட்டாங்க, அப்புறம் என்றா இன்னும் தலவலி?" என்று பெரியப்பா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

ஸ்கேனில் ரத்தம் மறைந்துவிடலாம் பெரியப்பா. ஆனால் மூளையைச் சுற்றிய நீரில் கலந்த ரத்த அணுக்கள் உடைந்து, அதிலிருக்கும் ஹீமோகுளோபின் சிதைந்து, மூளை உறையை அழற்சியாக்கிவிடலாம். கண்ணில் விழுந்த மண்ணை எடுத்த பிறகும் கண் உறுத்துமே, அப்படி. சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட வலி நீடிக்கும். நடிப்பு இல்லை, சோம்பல் இல்லை.

திடீரென்று தாங்கமுடியாத வலி, வாந்தி, மயக்கம் வந்தால் மட்டும் யோசிக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

மத்தியானம் தறியை நிறுத்திவிட்டேன். அப்பா திண்ணையில் துண்டில்லாமல் தூங்கினார்.