பால்கனிச் சாடிகள்: ஸ்காபரோ குளிர்காலக் குறிப்புகள்

நவம்பர் 9
பியோனியின் தண்டுகளை அடியோடு வெட்டினேன். எக்கினேசியாவில் கை வைக்கவில்லை. காய்ந்த விதைத்தலைகளைத் தேடி மஞ்சள் சிட்டுகள் வரும். இவர் படுத்தபடியே பார்க்கலாம்.

நவம்பர் 17
மண்சாடிகளைக் காலி செய்துவிட்டேன். சுட்ட மண் ஈரத்தைக் குடித்துவைத்திருக்கும். அந்த ஈரம் உறைந்து விரிந்தால் சாடி செதில் செதிலாக உரிந்து பிளந்துபோகும். ஹோஸ்டா இப்போது பிளாஸ்டிக் வாளியில்.

நவம்பர் 28
தூக்கம் வரவில்லை. குளிரின் கடுமையை வைத்து ஊர்களை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள், எண் குறையக் குறையக் குளிர் கூடும். ரொறன்ரோ 6, 7ஆம் வலயம் என்கிறார்கள். அது தரையில் நடுகிறவர்களுக்கான கணக்கு. தரையில் குளிர் மேலிருந்து மெல்லத்தான் இறங்கும். சாடியில் நாலாபுறமும் வேரைப் பிடித்துக்கொள்ளும். வெளியே மைனஸ் 18 என்றால் சாடி மண்ணும் அதை நெருங்கிவிடும். அதனால் இரண்டு வலயமாவது கூடுதலாகத் தாங்குகிற செடிதான் சாடிக்குச் சரி. பியோனியும் ஹோஸ்டாவும் 3ஆம் வலயக் குளிரையே தாங்கும், கவலையில்லை. லவெண்டர் 5. இவர் ஆசைப்பட்டு வாங்கியது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நூலிழையில்தான் நிற்கிறது.

டிசம்பர் 3
அழைப்பு வரவில்லை.

டிசம்பர் 14
சாடிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்துச் சுற்றிலும் சாக்குக் கட்டினேன். இடைவெளியெல்லாம் காய்ந்த இலை. லவெண்டர் நடுவில்.

ஜனவரி 11
ஆறு பாகை வெயில்! எல்லோரும் மகிழ்கிறார்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பகலில் உருகி இரவில் உறைவதைவிடக் கொடியது வேறில்லை. மண் பொங்கி வேரை வெளியே தள்ளுகிறது. ஹியூக்கராவின் அடிக்கட்டை விரலளவு மேலே எழும்பி, வெள்ளை வேர்கள் காற்றில் தெரிந்தன. கட்டைவிரலால் அழுத்தி மண் அணைத்தேன். குளிர் ஒரே சீராக இருந்தால் போதும்.

ஜனவரி 12
"உள்ளே எடுத்து வையுங்கள் அம்மா" என்கிறான் மகன். பியோனிக்குக் குளிர் கிடைக்காவிட்டால் மொட்டு வராது. உள்ளே எடுக்க மாட்டேன்.

ஜனவரி 26
கொட்டித் தீர்த்திருக்கிறது. மேல்வீட்டுப் பால்கனி மறைப்பதால் என் சாடிகளில் ஒரு துளிப் பனியும் இல்லை. பனியைப் போல வேரைக் காக்கும் போர்வை கிடையாது. மகன் பூங்காவிலிருந்து வாளி வாளியாக அள்ளிவந்து குவித்தான். தெருவோரப் பனி வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன், அதில் பனி உருகத் தூவிய உப்பு இருக்கும்.

பெப்ரவரி 8
இவர் இன்று ஒன்றும் சாப்பிடவில்லை.

பெப்ரவரி 20
அழைத்தார்கள். மார்ச்சில் திகதி.

மார்ச் 22
பியோனியில் சிவப்பு முனைகள்! இவரைத் தாங்கிப் பிடித்துக் கதவுவரை கூட்டிவந்து காட்டினேன். "லவெண்டர்?" என்று கேட்டார். சாம்பல் நிறக் குச்சிகளாகத்தான் நிற்கிறது.

மார்ச் 24
சாவியை மச்சாளிடம் கொடுத்தேன். மண் இளகிய நாளில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். உறைந்திருந்தால் ஊற்றவே வேண்டாம். லவெண்டர் தாமதமாகத்தான் துளிர்க்கும், மே வரை யாரும் பிடுங்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். நாளை காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இவருடைய கண்ணாடியைப் பையில் வைத்தேனா என்று பார்க்க வேண்டும்.