எக்ஸிபிஷன் மாட்யூல்ல 66 வாங்கின கதை (இம்ப்ரின்ட் பக்கத்த, அதாவது யார் எப்ப போட்டதுன்னு இருக்கிற பக்கத்த, பாருங்க!!)

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆச்சு. 66. டிஸ்டிங்ஷனுக்கு நாலு மார்க் கம்மி, அந்த நாலும் எங்க போச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியும், மூணாவது கண்ணாடிப் பெட்டியில இருந்த ஒரே ஒரு லேபிள்ல போச்சு. லண்டன்ல க்யூரேட்டிங் (எக்ஸிபிஷன் அமைக்கிற படிப்பு) எம்.ஏ. பண்றவங்களுக்கு வைவா (நேர்ல கேள்வி கேக்குற பரீட்சை), ரிப்போர்ட் எல்லாம் எப்படின்னு தெரியும், அதுக்குள்ள போகல.

எங்க டாபிக் பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட் (ஆர்டிஸ்ட் செஞ்சு காட்டுற செயலே கலை) புக், பத்திரிகையா வெளிவந்த வரலாறு. அஞ்சு பேரு, லைப்ரரி வாசல்ல நாலு பெட்டி. நான் எடுத்துக்கிட்டது ஜப்பானிய ஆர்டிஸ்ட் யோக்கோ ஓனோவோட 'கிரேப்ஃப்ரூட்'. புக் முழுக்க சின்னச் சின்னக் கட்டளையா இருக்கும், படிக்கிறவங்களே செஞ்சு பாக்கணும், இல்ல மனசுக்குள்ளயாவது நிகழ்த்திக்கணும். அத பத்தி உருகி உருகி 120 வார்த்தை எழுதி, மேல கெத்தா '1964'ன்னு போட்டேன்.

எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் குனிஞ்சு பாத்துட்டு கேட்டார், "இது 1964 காப்பிதானா?" ஆமான்னு தலையாட்டிட்டேன். 1964ல டோக்கியோல ஓனோ தானே போட்டது வெறும் 500 காப்பி. எங்க பெட்டியில இருந்தது 1970ல நியூயார்க்ல சைமன் அண்ட் ஷூஸ்டர் போட்டது. திறந்து வெச்சிருந்த பக்கமே பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் எழுதின முன்னுரை! ஓனோவும் லெனனும் சந்திச்சதே 1966லதான். கைக்காசு போட்டு அடிச்ச 500 காப்பி புக்கு, ஆறு வருஷத்துல சாதாரண புக் கடைக்கு எப்படி வந்துச்சு, உங்க எக்ஸிபிஷனே அதுதானேன்னார். கோவமா வந்துச்சு. என்ன பண்றது, அவர் சொன்னது சரி.

அதே பெட்டியில என் டீம்மேட் வெச்சது 'அவலாஞ்ச்' பத்திரிகையோட 1973 இதழ். வில்லபி ஷார்ப்பும் லீசா பேயரும் நியூயார்க்ல 1970ல இருந்து 1976 வரைக்கும் நடத்தினது, மொத்தமே 13 இதழ். அதுல கிறிஸ் பர்டன் பேட்டி இருக்கு. 1971ல தன் கையில துப்பாக்கியால சுட வெச்சாரே, அவருதான். நானா இருந்தா குண்டு, ரத்தம்னு எழுதித் தள்ளியிருப்பேன். அவ எழுதினது மூணு வரி, அன்னிக்கு அந்த ரூம்ல இருந்தது கொஞ்சம் பேருதான், மத்த எல்லாருக்கும் இது பேப்பர் வழியாத்தான் போச்சுன்னு. எக்ஸாமினர் அங்க மட்டும் சிரிச்சார்.

அதனால:

- புக் கைக்கு வந்ததும் இம்ப்ரின்ட் பக்கத்த போட்டோ எடுங்க. லேபிள அத பாத்து மட்டும் எழுதுங்க, ஞாபகத்துல எழுதாதீங்க.
- எத்தனை காப்பி, யார் காசு, யார் கைக்குப் போச்சு. இந்த மூணும் இல்லாத லேபிள கிழிச்சுப் போடுங்க.
- பெட்டிக்குள்ள ஒரு புக்ல ரெண்டு பக்கம்தான் தெரியும். எந்த ரெண்டுன்னு முடிவு பண்ண நான் ஒரு ராத்திரி முழுக்க உக்காந்தேன் (அப்படி உக்காந்தும் லெனன் பேரு கண்ணுல படல, அது வேற கதை).
- லைட் 50 லக்ஸ்க்கு (வெளிச்சத்த அளக்கிற அலகு) மேல வேணாம்.
- குரூப் மீட்டிங்க எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைங்க. எனக்கு ஆளுங்களோட உக்காந்து யோசிக்க வராது, உங்களுக்கு வந்தா போங்க.

'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கிடைச்சா விடாதீங்க. லிண்டா ஃப்ரை பர்ன்ஹாம் 1978ல லாஸ் ஏஞ்சலீஸ்ல ஆரம்பிச்சு, 1997 வரைக்கும் வந்த பத்திரிகை. ஆரம்ப இதழ்கள்ல விமர்சகர் யாரும் நடுவுல கிடையாது, எந்த ஆர்டிஸ்ட் வேணா தான் பண்ணதுக்கு போட்டோவும் விவரமும் அனுப்பலாம், போட்டுருவாங்க. யார் முக்கியம்னு யாரு முடிவு பண்றதுன்னு வைவாவுல கேட்டா இத வெச்சே பத்து நிமிஷம் ஓட்டலாம். நான் ஓட்டினேன், 66 வந்ததே அதாலதான்.

எக்ஸிபிஷன் இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. லேபிள மாத்தித் தாங்கன்னு கேட்டேன், பிரின்ட் பட்ஜெட் முடிஞ்சிருச்சாம். இன்னும் 1964னுதான் இருக்கு, அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன்.