வலிப்பு நின்ற பிறகு கையைப் பாருங்கள்

வலிப்பு அடங்கியதும் வாட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார், உறவினர் தேத்தண்ணி குடிக்க வெளியே போவார்கள். வலிப்பை அடக்க நாளத்தால் ஏற்றும் மருந்து பெனிற்றோயின். அது ஏறிய கையைத் தாதியர் கவனிக்கவேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

இந்த மருந்து தண்ணீரில் இலகுவில் கரையாது. கரைய வைப்பதற்காக புரொப்பிலீன் கிளைக்கோலும் மதுசாரமும் சேர்த்து, பிஎச் 12 அளவுக்குக் காரமாக்கியிருக்கிறார்கள். சவர்க்காரத் தண்ணீரை விடப் பல மடங்கு காரம். நாளத்துக்கு வெளியே கசிந்தால் தோலும் தசையும் வெந்துபோகும். கசிவே தெரியாமல் கை வீங்கி ஊதா நிறமாவதும் உண்டு. அதைத்தான் 'ஊதாக் கையுறை' என்கிறார்கள். பெரும்பாலும் 2 முதல் 12 மணித்தியாலத்துக்குள் தெரியவரும். முதியவர்களிலும் பெண்களிலும் கூடுதலாகக் காண்கிறோம்.

வாகரை, பொத்துவில் போன்ற தூரத்து ஊர்களிலிருந்து அம்புலன்ஸில் வருகிறவருக்குப் புறங்கையில் சிறிய நீலக் கனுலா (நாளத்துக்குள் போடும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு, டெக்ஸ்ட்ரோஸ் என்ற சீனிக் கரைசல் ஓடிக்கொண்டிருக்கும். இரத்தத்தில் சீனி குறைந்திருக்குமோ என்று போட்டது, அதில் பிழையில்லை. ஆனால் அதே லைனில் பெனிற்றோயினைக் கொடுக்கக் கூடாது. டெக்ஸ்ட்ரோஸோடு சேர்ந்தால் மருந்து பளிங்காகப் படிந்து, குழாய்க்குள் வெள்ளையாகக் கலங்கும். வண்டி குலுங்கிய குலுக்கத்தில் கனுலாவும் அசைந்திருக்கலாம். முன்கையிலோ முழங்கை மடிப்பிலோ பெரிய நாளம் பார்த்து, நீலத்தை விடப் பெரிய பிங்க் அல்லது பச்சைக் கனுலா புதிதாகப் போடுங்கள். 10 மில்லிலீற்றர் சேலைன் தள்ளி, வீக்கமோ எரிவோ இல்லையென்று பார்த்த பிறகே மருந்து.

60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் 1200 மில்லிகிராம். ஒரு மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம் இருப்பதால் அது 24 மில்லிலீற்றர், ஏறக்குறைய 5 அம்பியூல். 100 மில்லிலீற்றர் நோர்மல் சேலைனில் கலந்தால் செறிவு சரியாக வரும். நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதியவருக்கும் இதய நோயாளிக்கும் 25 போதும், அப்படியென்றால் 48 நிமிடம் எடுக்கும். கலந்த மருந்தை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டியிருப்பதால், எல்லாம் தயாரான பிறகே கலக்கவேண்டும். ஏறும்போது ஈசிஜியும் பிரஷரும் பார்க்கவேண்டும், பிரஷர் கஃப் மற்றக் கையில்.

"மிஸ், கை எரியுது" என்று ஒருவர் சொன்னால் உடனே நிறுத்துங்கள். வலிப்புக்குப் பிறகு மயக்கத்தில் கிடப்பவர் சொல்லமாட்டார். முகம் சுளிப்பதும் கையை இழுப்பதும்தான் அவருடைய பேச்சு.

நிறுத்தியதும் கனுலாவைப் பிடுங்கிவிடாதீர்கள். சேலைனும் தள்ளாதீர்கள், உள்ளே நிற்கிற மருந்து இன்னும் பரவும். வெறும் சிரிஞ்சைப் பூட்டி வருகிறவரை உறிஞ்சி எடுத்த பிறகே கழற்றவேண்டும். காப்பு, மோதிரம், கோயில் நூல், தாயத்து எல்லாவற்றையும் அப்போதே அவிழ்த்து உறவினர் கையில் கொடுங்கள். வெட்டவேண்டி வந்தால் கேட்டுவிட்டு வெட்டுங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்தென்றால், வீங்கிய மணிக்கட்டில் அந்த நூலே இரத்த ஓட்டத்தை இறுக்கிவிடும்.

கையைத் தலையணையில் நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைக்கவேண்டும். ஐஸ் வேண்டாம், நாளம் இன்னும் சுருங்கும். டாக்டர் சொன்னால் இளஞ்சூடான உலர்ந்த துணி வைக்கலாம். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து நேரத்தையும் எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் போகிறதா என்பதை அடுத்த ஷிஃப்ட் யாரையும் கேட்காமலே காணும். எங்கள் ஆட்களின் நிறத்தில் ஊதா புறங்கையில் இலகுவாகத் தெரியாது. இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நகத்தை அமத்திவிட்டு இரத்தம் திரும்புகிற வேகத்தையும் பாருங்கள். அதற்காகக் கையைப் போர்வைக்கு வெளியே வைத்திருக்கவேண்டும்.

விரலை மெதுவாக நிமிர்த்தும்போது தாங்கமுடியாத வலி, மரப்பு, கல்லுப்போல இறுகிய முன்கை. இதில் ஒன்று இருந்தாலும் நாடி அடிக்கிறதென்று ஆறுதல்பட வேண்டாம், நாடி கடைசியில்தான் போகும். உடனே சத்திரசிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லவேண்டும். உள்ளே கூடிய அழுத்தம் இறங்கத் தசை உறையைத் திறந்துவிடத் தாமதித்தால் கையே போகலாம்.

வீக்கம் வற்ற நாட்கள், சிலருக்கு வாரங்கள் எடுக்கும். வீட்டுக்காரர் அன்போடு எண்ணெய் போட்டு உருவப் பார்ப்பார்கள், வேண்டாமென்று காரணத்தோடு சொல்லுங்கள். கட்டில் தலைப்பில் இருக்கும் நோயாளிக் குறிப்பேட்டில் (பி.எச்.ரி.) பெரிதாக எழுதுங்கள், பாதிக்கப்பட்டது வலது கை என்றால் இப்படி: வலது கையில் கனுலா போடவேண்டாம், பிரஷர் பார்க்கவேண்டாம், இரத்தம் எடுக்கவேண்டாம்.